ஒற்றை இருக்கையில் ஒரு பையன்

அந்தப் பையனின் பெயரை எழுதப் போவதில்லை. இன்று அவன் பள்ளிபாளையத்தில் அப்பாவின் விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பந்தயத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். ஆகவே தம்பி என்றே சொல்கிறேன். அந்த வருஷம் முழுக்கப் பட்டறையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம்.

அது 2005. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டி வேலை பார்த்த யாருக்கும் மறக்காத வருஷம். மார்ச்சில், மெல்போர்னில், ஜோர்டான் அணியின் மஞ்சள் வண்டியில் நம்மூர் நரேன் கார்த்திகேயன் எஃப் 1 கிரிட்டில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பட்டறைக்கு வந்து சின்ன டிவி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பதினைந்தாவதாக முடித்தார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தம்பி மட்டும் டிவியைப் பார்க்காமல், ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்த எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரும் இந்த மாதிரி வண்டியிலதான் ஆரம்பிச்சாருங்களாண்ணா?"

"இதைவிடச் சின்ன வண்டியில தம்பி" என்றார் எங்கள் மூத்த மெக்கானிக். அவரைப் பெரியண்ணன் என்போம்.

அந்தச் சின்ன வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1980-களின் கடைசியில் கோவையின் பஞ்சாலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 இன்ஜினை எடுத்து, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் பூட்டினார். மூன்று சிலிண்டர், 796 சிசி. பார்முலா மாருதி என்று பெயரானது. அதற்குமுன் இந்தியாவில் ஒற்றை இருக்கை ரேஸ் வண்டி என்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வசதியுள்ளவர்களுக்குத்தான். உதிரிபாகம் எந்த ஊர் மாருதி கடையிலும் கிடைக்கும் ஒரு ரேஸ் வண்டியை அவர் செய்து காட்டினார். பம்ப் செட்டும் மோட்டாரும் லேத்துமாக வாழும் ஊர் இது. வரைபடம் கொடுத்தால் எந்தச் சந்திலும் கடைந்து கொடுப்பார்கள். அந்தத் திறமையை ரேஸுக்குத் திருப்பியவர் அவர்தான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் நிற்கிறது. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் பெரியண்ணன் ஒரு வெல்டிங்கைச் சரிபார்க்கும்போது "கரி சார் இருந்தா இதை அறுத்து எறிஞ்சிருப்பாரு" என்று சொல்லாத வாரம் இருந்ததில்லை.

தம்பி எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. கார்ட் ஓட்டியிருந்தான், நன்றாக ஓட்டியிருந்தான். அவன் அப்பா முதல் நாள் பட்டறைக்கு வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. பையன் கேக்கறான். ஒரு வருஷம் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். ஒரு வருஷம் என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஜூனியர் ஒற்றை இருக்கை வண்டியின் அழகு அது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்தான் இருக்கிறது. ஒரே சட்டம், ஒரே மாருதி இன்ஜின், ஒரே கம்பெனி டயர். ஒல்லிப் பையனாக இருந்தால் சீட்டுக்கு அடியில் ஈயப் பட்டை வைத்து எடையைச் சமன் செய்வோம். தம்பிக்கு நிறையவே வைக்க வேண்டியிருந்தது. இத்தனையும் சமமானபின் மிச்சமிருப்பது கேம்பர் என்கிற சக்கரத்தின் சாய்வு, டோ என்கிற சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, டயர் காத்து, பிறகு டிரைவரின் கை கால்.

டோ பார்க்க எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. வண்டியின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் உயரத்துக்கு நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று இரும்பு ஸ்கேலில் அளப்போம். உலகத்தின் பல சின்ன அணிகள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கின்றன. எங்கள் நூல் அடிக்கடி அறுந்தது. இரண்டாவது முறை வந்தபோது தம்பியின் அப்பா பையிலிருந்து ஒரு கோன் நூலை எடுத்து வைத்தார், தறியிலிருந்து கொண்டுவந்தது. "இது இழுத்தா நீளாதுங்க" என்றார். அந்த சீசன் முழுக்க அந்த நூலில்தான் சக்கரங்களை நேர் பார்த்தோம். அவர் எங்கள் வேலையைக் கவனித்திருக்கிறார், என்ன தேவை என்று யோசித்திருக்கிறார் என்பது எனக்கு அன்று பெரிய விஷயமாகப் பட்டது. இன்றும் படுகிறது.

முதல் சுற்று இருங்காட்டுக்கோட்டை. கோவையில் மாலையில் வண்டிகளை லாரியில் ஏற்றிக் கட்டினால் சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக விடிகாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துவிடலாம். சென்னைக்குள் போக வேண்டியதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த தளம் அது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. அரசாங்கம் கட்டியதல்ல, பணக்காரர் ஒருவர் தன் பெயருக்குக் கட்டியதும் அல்ல. ஒரு கிளப் தன் உறுப்பினர்களை வைத்துக்கொண்டு எழுப்பியது. பிட் சுவரில் கை வைக்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவு வரும்.

பெரியண்ணனுக்கு அங்கே நினைவு வருவது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுபாதை. போர் முடிந்தபின் பல பத்தாண்டுகள் அதுதான் தென்னிந்தியாவின் பந்தயக் களம். வைக்கோல் கட்டும் டிரம்மும் வைத்து வளைவுகளை உண்டாக்குவார்கள். வெயிலில் ஆயிரக்கணக்கான ஜனம் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும். பையனாக பஸ் பிடித்துப் போனதையும், விஜய் மல்லையா பழைய என்சைன் எஃப் 1 வண்டியைக் கொண்டுவந்து ஓட்டியதையும் சொல்வார். அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது என்பார். நான் சோழவரத்தில் பந்தயம் பார்க்காதவன். அவர் சொல்லிச் சொல்லி, பார்த்த மாதிரியே ஆகிவிட்டது.

அந்த முதல் சுற்றில் தம்பி பயிற்சி முடிந்து பிட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "முன்னால தள்ளுதுங்ண்ணா" என்றான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உள்ளே வராமல் வண்டி நேராகப் போகிறது என்று அர்த்தம். "எந்த வளைவுல? உள்ள நுழையும்போதா, நடுவுலயா?" என்று கேட்டேன். கண்ணை மூடி, கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, மனதுக்குள் ஒரு லேப் ஓட்டினான். "நடுவுலதானுங். நுழையும்போது நல்லாத்தான் இருக்கு. காலை வெச்சதும் தள்ளுது." பதினேழு வயதில் வண்டி செய்வதை இப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பையன்கள் அதிகம் இல்லை. பெரும்பாலானவர்கள் வண்டி சரியில்லை என்பார்கள், அவ்வளவுதான். பின் டயரில் காத்தை ஒரு பாயின்ட் கூட்டினோம். அடுத்த முறை ஒன்றும் சொல்லாமல் கட்டை விரலை மட்டும் காட்டினான். தகுதிச் சுற்றில் மூன்றாவது வரிசை. பந்தயத்தில் ஐந்தாவது. அறிமுகப் பந்தயத்துக்கு அது நல்ல முடிவு.

ஜூன் மாதம் இண்டியானபோலிஸில் எஃப் 1 பந்தயம். மிஷெலின் டயர் அந்தத் தளத்தின் சாய்ந்த வளைவைத் தாங்காது என்றாகி, பதினான்கு வண்டிகள் பார்மேஷன் லேப் முடிந்ததும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. இந்தியர் ஒருவர் எடுத்த முதல் எஃப் 1 புள்ளிகள். நம் ஊரில் நள்ளிரவு. ஓடியதே ஆறு வண்டிதானே என்று மறுநாள் டீக்கடையில் ஒருவர் இளப்பமாகப் பேசினார். நான் விடவில்லை. பார்முலா மாருதியில் ஆரம்பித்து, பதினைந்து வயதில் பிரான்சில் விண்ஃபீல்ட் பள்ளிக்குப் போய், 1994-ல் இங்கிலாந்தில் பார்முலா ஃபோர்டு, 1996-ல் பார்முலா ஆசியா பட்டம், பிறகு பிரிட்டிஷ் எஃப் 3-ல் கார்லின் அணியோடு வருஷக் கணக்கில் உழைத்து, 2000-ல் கொரியா சூப்பர் பிரியை ஜெயித்து, அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் காத்திருந்து அந்த இடத்துக்கு வந்தவர். அந்த ஐந்து புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் இருக்கிறது.

செட்டிப்பாளையம் சுற்று ஆடியில் வந்தது. ஆடிக் காற்று என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் காற்று முழுக்க நேராகக் கோவைக்குள் வரும். தளம் சிறியது, சுமார் 2.1 கிலோமீட்டர். காற்றை எதிர்த்து ஓடும்போது டாப் கியர் இழுக்காது, இன்ஜின் அழும். ஆனால் இன்னொரு வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டால் எதிர்க்காற்றை முன்வண்டி வாங்கிக்கொள்ளும். பின்வண்டி சும்மா போகும். நேர்ப்பாதையின் கடைசியில் விலகினால் சேர்த்துவைத்த வேகம் அப்படியே முன்னால் தள்ளும். ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று ஒரு மணி நேரம் பெரியண்ணன் விளக்கியதை, "பஸ்ஸுக்குப் பின்னால சைக்கிள் மிதிக்கற மாதிரிங்களா?" என்று தம்பி ஒரே வரியில் முடித்தான்.

சிக்கல் அதன் மறுபக்கத்தில் இருக்கிறது. காற்று இல்லாத அந்தக் குழிக்குள் பிரேக் அடிக்கும்போது வண்டி எதிர்பார்த்த இடத்தில் நிற்காது, ரேடியேட்டருக்குள் காற்றும் போகாது. சூடு ஏறும். எப்போது ஒட்ட வேண்டும், எப்போது அரை வண்டி அகலம் விலகி மூச்சு வாங்க வேண்டும் என்பதை யாரும் பாடமாகச் சொல்லித்தர முடியாது. அன்று தம்பி அதைப் பந்தயத்துக்குள்ளேயே கற்றுக்கொண்டான். முன்னால் போனவனுக்குப் பின்னால் பல லேப் பொறுமையாக இருந்தான். ஒவ்வொரு முறையும் விலகிப் பார்த்து, மறுபடி உள்ளே போய் ஒளிந்தான். எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசி லேப்பில் விலகியவன் திரும்பி உள்ளே போகவில்லை. ஜெயித்தான். அவன் அப்பா வேலிக்குப் பக்கத்தில் நின்றபடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பட்டறையில் முதலாளி சேர்த்து வைத்திருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். தம்பி அவற்றில் 1983-ஐத்தான் திரும்பத் திரும்பப் படிப்பான். பிரிட்டிஷ் எஃப் 3. அயர்டன் சென்னா ஒரு பக்கம், மார்ட்டின் பிரண்டில் மறுபக்கம். இருவருக்கும் ரால்ட் வண்டி. சென்னா முதல் ஒன்பது பந்தயத்தையும் வரிசையாக ஜெயித்தார். இனி என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தபோது பிரண்டில் எழுந்தார். சென்னா அழுத்தத்தில் தவறத் தொடங்கினார். ஔல்ட்டன் பார்க்கில் உள்பக்கம் நுழையப் பார்த்து மோதி, சென்னாவின் வண்டி பிரண்டிலின் வண்டிமேலேயே ஏறி நின்றது. அக்டோபரில் திரக்ஸ்டனில் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது பிரண்டில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். சென்னா அதை ஜெயித்துப் பட்டத்தையும் எடுத்தார்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. முதல் லேப்களிலேயே எண்ணெய் சூடாகி இன்ஜின் முழு பலத்தில் ஓட வேண்டும் என்பதற்காக சென்னாவின் அணி ஆயில் ரேடியேட்டரின் வாயை டேப்பால் அடைத்தது. அப்படியே விட்டால் இன்ஜின் வெந்துவிடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கையை வெளியே நீட்டி டேப்பைப் பிய்க்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தினால்தான் கை எட்டும். இதைப் படித்துவிட்டுத் தம்பி எங்கள் வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். பெரியண்ணன் வந்து, "பெல்ட்டைத் தொட்டா அடுத்த சுற்றுக்கு லாரியில ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

அவர் கோபத்தின் நியாயம் எனக்குப் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. 2009 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்சில் எஃப் 2 பந்தயம். வேறு ஒரு வண்டியிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் பட்டு ஹென்றி சர்டீஸ் இறந்தான். பதினெட்டு வயது, உலக சாம்பியன் ஜான் சர்டீஸின் மகன். 2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. பிள்ளைகளின் பந்தயத்தைக் கொண்டாடுகிற எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும். டிரைவரின் தலையைக் காக்கும் ஹாலோ வளையம், சக்கரத்தைக் கட்டிவைக்கும் கயிறு, தளத்திலேயே டாக்டர், கொடி பிடிக்கும் மார்ஷலுக்கு ஒழுங்கான பயிற்சி: இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியைக் கிளப்பக் கூடாது.

கடைசிச் சுற்று மறுபடி இருங்காட்டுக்கோட்டை. தம்பி இரண்டாவது இடத்தில் கிரிட்டில் நின்றான். தொடக்கம் நன்றாக வந்தது. நடுப் பந்தயத்தில் முதலில் போனவனோடு சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு வளைவுக்குள் நுழைந்தான். உள்பக்கம் தம்பியுடையது. வண்டியை வெளியே ஓடவிட்டிருந்தால் மற்றவன் மண்ணுக்குத்தான் போயிருப்பான். தம்பி ஒரு வண்டி அகலம் இடம் விட்டான். வெளிப்பக்கத்தில் நின்றவன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவில் முன்னால் போய்விட்டான். தம்பி இரண்டாவது.

வண்டியை விட்டு இறங்கியதும் அப்பா கேட்டார்: "ஏன் கண்ணு விட்டுட்ட?"

"இடம் விடலைன்னா ரெண்டு பேருமே செவத்துலதானுங்ப்பா."

1983-ஐ மனப்பாடமாக வைத்திருந்த பையன் அதில் பிரண்டிலின் பக்கம் நின்றான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பந்தயத்தில் இடம் விடுகிறவனைச் சாந்தசீலன் என்று ஒதுக்குவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வேகத்தில் பக்கத்து வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதற்கு எவ்வளவு இடம் போதும் என்று அளந்து விடுவதற்கு, இடிப்பதைவிட அதிகக் கைத்திறன் வேண்டும். பிரண்டிலும் சும்மா போய்விடவில்லை. 158 எஃப் 1 பந்தயம் ஓட்டினார்.

சீசன் முடிந்தது. தம்பி பட்டியலின் மேல்பக்கத்தில் இருந்தான். அடுத்தது என்ன என்று பேசினோம். பார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா இருந்தது. மலேசியா, சீனா என்று தளங்கள். செலவைக் கேட்டுச் சொன்னார்கள். அவன் அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வந்து, எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார். "ஒரு வருஷம்னு சொன்னேனுங்க" என்றார். சில தறிகளை விலைக்குப் போட்டிருந்தார் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டோம். தம்பி வந்து பெரியண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் எந்த ரேஸ் வண்டியிலும் உட்காரவில்லை.

அடுத்த கட்டத்துக்குப் போனவர்கள் போனார்கள், அதில் எனக்குப் பெருமைதான். இந்தியாவிலிருந்து எஃப் 1 ஓட்டிய இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்: நரேனும், 2010-ல் பஹ்ரைனில் எச்ஆர்டி வண்டியில் தொடங்கிய கருண் சந்தோக்கும். அதே 2010-ல் எஃப் 2 கிரிட்டில் சென்னைக்காரர்கள் மூன்று பேர்: அர்மான் இப்ராஹிம், பார்த்திவா சுரேஷ்வரன், நடிகர் அஜித் குமார். எம்ஆர்எஃப் டயர் கம்பெனியின் எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடருக்காக மிக் ஷூமாக்கர் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து ஓட்டினான். 2019 பிப்ரவரியில் அதே தளத்தில் ஜேமி சாட்விக் அந்தத் தொடரின் பட்டத்தை எடுத்தாள், அதை ஜெயித்த முதல் பெண். டயர் கம்பெனிகள் இத்தனை வருஷம் கைவிடாமல் நடத்தியிருக்காவிட்டால் இவையெல்லாம் இல்லை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி எஃப் 4 நடந்தது. 3.5 கிலோமீட்டர் தெருத் தளம், நேப்பியர் பாலத்தின் விளக்கு, ராத்திரிப் பந்தயம். அதற்கு முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அன்றும் மழையால் மணிக்கணக்கில் தாமதம். ஜனம் கலையவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்தேன். மனசு நிறைந்தது. வண்டிகள் மட்டும் பிரான்சிலிருந்து வந்தவை, மைகேல் சட்டம், டர்போ இன்ஜின். பாதுகாப்பில் அவை எங்கள் குழாய்ச் சட்டத்தைவிட எவ்வளவோ மேல், ஹாலோவும் உண்டு. ஆனால் அதில் ஒரு சீசன் உட்கார எத்தனை தறி விற்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு என் மனதுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

2012-க்குப் பிறகு எஃப் 1 கிரிட்டில் இந்தியர் யாரும் நிற்கவில்லை. பெங்களூரின் குஷ் மைனி 2025-ல் மொனாக்கோவில் எஃப் 2 ஸ்பிரிண்ட் பந்தயத்தை ஜெயித்தார். வாசல் வரை வந்திருக்கிறோம். திறமை குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. பதினேழு வயதில் வளைவின் நடுவில் முன்னால் தள்ளுகிறது என்று சரியாகச் சொல்லும் பிள்ளைகள் ஈரோட்டிலும் சேலத்திலும் திருநெல்வேலியிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாவது சீசனுக்கு வருவதில்லை.

தெருப் பந்தயத்துக்குப் பணம் ஒதுக்கிய அரசுக்கும், தொடர்களை நடத்தும் கம்பெனிகளுக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வருஷத்துக்கு நான்கு பிள்ளைகளின் முழு சீசன் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், ஒன்றல்ல, தொடர்ந்து மூன்று சீசன். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தேர்வைச் செட்டிப்பாளையத்தில் வையுங்கள். எல்லோருக்கும் ஒரே வண்டி, ஒரே செட் டயர், பத்து லேப். யார் பிள்ளை என்று கேட்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள். நேரம் எடுக்க, வண்டி செட்டிங் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பெரியண்ணனையும் கூட்டிவருகிறேன். எங்களுக்குக் கூலி வேண்டாம்.